பூட்டிக் கிடக்கும் இருபது தையல் மெஷின்கள்

கேள்வி:

"கொருக்குப்பேட்டையில் சின்னதாக ஒரு டிரஸ்ட் நடத்துகிறேன். 2021-ல் பதிவு செய்தோம். வருமான வரிச் சலுகைக்கான 12ஏ (டிரஸ்டுக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு) இரண்டும் வாங்கியிருக்கிறோம். எங்களோடு அறுபது பெண்கள் இருக்கிறார்கள். பாதிப் பேர் பழைய வண்ணாரப்பேட்டைக் கடைகளுக்கு நைட்டி, இன்ஸ்கர்ட் தைத்துக் கொடுப்பவர்கள். மீதிப் பேர் காசிமேட்டில் மீனும் கருவாடும் விற்பவர்கள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு நிறுவனம் இருபது தையல் மெஷின் வாங்கிக் கொடுத்து, மூன்று மாதம் பயிற்சியும் நடத்தியது. இப்போது நாலைந்து மெஷின்தான் ஓடுகிறது. வேலையைத் தொடர கிராண்ட் (திருப்பித் தர வேண்டாத நிதி) கேட்டு மூன்று இடங்களுக்கு எழுதினோம். இரண்டு இடத்தில் முடியாது என்றார்கள், ஒரு இடத்தில் பதிலே இல்லை. பட்ஜெட்டில் சம்பளம் போட்டதுதான் தப்பு என்கிறார் ஒரு நண்பர். வெளிநாட்டு நிதிக்கு முயற்சி செய்யலாமா? இன்னொருவர், பத்து சதவீதம் கமிஷன் கொடுத்தால் பெரிய கம்பெனியின் சிஎஸ்ஆர் பணம், அதாவது சமூகப் பணிக்கென்று கம்பெனிகள் ஒதுக்கும் பணம், வாங்கித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?"

— ஒரு வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கமிஷன் விஷயத்தை முதலில் பேசி முடித்துவிடுவோம். கொடுக்காதீர்கள். பத்து சதவீதம் என்ன, ஒரு சதவீதம்கூட வேண்டாம். சிஎஸ்ஆர் பணம் என்பது கம்பெனியின் இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்து, உங்கள் டிரஸ்டோடு ஒப்பந்தம் போட்டு, வங்கி வழியாக வருகிற பணம். நடுவில் ஒருவருக்குப் பங்கு கொடுக்க அதில் இடமே கிடையாது. அந்தப் பத்து சதவீதத்தை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? நூல் வாங்கியதாகவா, பயிற்சி கொடுத்ததாகவா? பொய் ரசீதில் தொடங்குகிற புராஜெக்ட் அறுபது பெண்களின் பெயரையும் சேர்த்துக் கெடுத்துவிடும். இன்னும் சிலர் "பணம் வந்ததும் பாதியை ரொக்கமாகத் திருப்பிக் கொடுங்கள்" என்பார்கள், "ஃபைல் நகர முன்பணம் கட்டுங்கள்" என்பார்கள். அவர்களோடு பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். விண்ணப்பம் எழுத ஒருவரின் உதவி வேண்டும் என்றால், இத்தனை நாள் வேலைக்கு இவ்வளவு கூலி என்று பேசி, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள். கிராண்ட் வந்தாலும் வராவிட்டாலும் அந்தக் கூலி மாறக் கூடாது.

சரி, இப்போது மெஷின்களுக்கு வருவோம்.

நான் ஆறு வருஷம் வட சென்னையில் களப்பணி பார்த்தவள். அப்புறம் பன்னிரண்டு வருஷமாக நிதி கொடுக்கிற பக்கத்தில் உட்கார்ந்து விண்ணப்பங்களைப் படிக்கிறேன். இரண்டு பக்கத்திலும் நான் கண்டது இதுதான்: மெஷின் வாங்கச் சுலபமாகப் பணம் கிடைத்துவிடும். மெஷினை வரிசையாக வைத்து ரிப்பன் வெட்டலாம், போட்டோ எடுத்து ஆண்டறிக்கையில் போடலாம். பயிற்சிக்கும் கிடைத்துவிடும், இத்தனை பேருக்குச் சான்றிதழ் கொடுத்தோம் என்று எண்ணிக்கை சொல்லலாம். பயிற்சி முடிந்த மறுநாள் காலையில் அந்தப் பெண்ணுக்கு வேலை எங்கிருந்து வரும், துணிக்கு முதல் யார் போடுவது, கடைக்காரரிடம் கூலி பேச யார் போவது? இந்தக் கேள்விகளுக்குப் பணம் கொடுக்கிறவர்கள் குறைவு. அதைவிட வருத்தம், இதற்கென்று கணக்கோடு கேட்கிற விண்ணப்பமும் என் மேசைக்கு அபூர்வமாகத்தான் வருகிறது.

எர்ணாவூரில் ஒரு குடியிருப்பின் தரைத்தள அறை ஞாபகத்துக்கு வருகிறது. நான் வேலை பார்த்த அமைப்பே மெஷின் வாங்கிப் போட்ட அறை அது. ஒரு வருஷம் கழித்துத் திறந்தோம். எல்லாம் கவர் போட்டு ஒழுங்காகத்தான் இருந்தன. கவரைத் தூக்கி பாபின் கேஸைத் தொட்டால் விரலில் சிவப்பாகத் துரு ஒட்டியது. எண்ணெய் போடாத இரும்பு கடல் காற்றில் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. ஏன் யாரும் வரவில்லை என்று அந்தப் பெண்களைக் கேட்டோம். அறைச் சாவி எங்கள் அலுவலகத்தில் இருந்தது. பத்து மணிக்குத் திறந்து ஐந்து மணிக்குப் பூட்டுவோம். அவர்களுக்குக் கை ஓய்வதோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு ஒன்பது மணிக்கும், ராத்திரி எட்டு மணிக்கு மேலும்தான். தண்ணீர் லாரி வருகிற நாளில் அதுவும் இல்லை. யாருக்காக வாங்கினோமோ அவர்களின் நேரத்தைக் கேட்காமலே நேரம் குறித்திருந்தோம். அது எங்கள் தவறு. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு மனசு உறுத்தும்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயம் இல்லை. ஒன்று, கொடுத்தது காலால் மிதிக்கிற மெஷினா, ஜூக்கி மாதிரி பவர் மெஷினா? கடைக்கு நைட்டி தைப்பது வேகத்தில் பிழைக்கிற வேலை. ஜூக்கியில் தைக்கிற பெண்ணோடு மிதி மெஷின்காரி போட்டி போட முடியாது; பத்து நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவாள். மிதி மெஷின் என்றால் முதலில் மோட்டார் மாட்டச் சொல்லுங்கள். புது மெஷின் வாங்குவதைவிட அதற்குச் செலவு மிகக் குறைவு. இரண்டாவது, உங்கள் அறைச் சாவி யாரிடம் இருக்கிறது? அலுவலகத்தில் என்றால், அந்தத் தெருவிலேயே குடியிருக்கிற இரண்டு பெண்களிடம் இந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.

இனி விண்ணப்பம். "பெண்களைப் பொருளாதார ரீதியாகத் தற்சார்பு அடையச் செய்வதே எங்கள் நோக்கம்" என்று தொடங்குகிற விண்ணப்பங்களை நான் எண்ணி முடிக்க முடியாது. நல்ல மனசோடு எழுதியவைதான். ஆனால் அதைப் படிக்கிறவருக்கு ஒன்றும் தெரிய வராது. அந்தப் பெண் கையில் இன்றைக்கு எவ்வளவு நிற்கிறது? உங்கள் வேலையால் அது எவ்வளவாக ஆகும்? எதனால் ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் மொழி கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை.

செரியன் நகர்ப் பக்கம் நைட்டி தைக்கிற ஒரு அக்காவோடு உட்கார்ந்து ஒருமுறை கணக்கு எழுதினேன். உருப்படிக்கு 20 ரூபாய் கூலி, நாளைக்கு 12 உருப்படி. "தினம் 240 ரூபா வருது" என்றார். எங்கள் அறிக்கையிலும் அப்படித்தான் போட்டிருந்தோம்: மாதம் 22 நாளுக்கு 5,280 ரூபாய். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். நூல் யார் வாங்குவது? அவரேதான், நாளைக்கு 20 ரூபாய். துணி ஓரம் பிரியாமல் அடிக்கிற ஓவர்லாக்? அவரிடம் அந்த மெஷின் இல்லை. அடுத்த தெருவில் உருப்படிக்கு 2 ரூபாய் கொடுத்து அடித்து வாங்க வேண்டும், ஆக 24. கடையிலிருந்து துணிக் கட்டு எடுத்துவரவும் தைத்ததைக் கொண்டுபோய்ப் போடவும் ஷேர் ஆட்டோ, இரண்டு நாளைக்கு 40 ரூபாய்; நாளைக்கு 20. மிச்சம் 176. மாதத்துக்கு 3,872 ரூபாய். கரண்டும் ஊசியும் இதில் இன்னும் சேரவில்லை. "தையல் கோணல்" என்று கடையில் திருப்பியதைப் பிரித்துத் தைத்த நேரமும் சேரவில்லை. அந்த அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி 5,280-ஐ ஒரு கோடு போட்டு அடித்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "ஓவர்லாக் மிஷின் என்னா விலை வரும்?" என்று கேட்டார்.

உங்கள் விண்ணப்பத்தை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். தையல் பெண்கள் முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் அறையில் பொதுவாக ஓவர்லாக் மெஷின் இருந்து, முப்பது பேர் கட்டையும் ஒரே வண்டியில் ஒருவர் எடுத்துவந்தால், ஓவர்லாக்குக்கும் ஆட்டோவுக்கும் போகிற 44 ரூபாயில் பாதியாவது மிஞ்சும். ஒரு பெண்ணுக்கு நாளைக்கு 22, மாதத்துக்கு 484. முப்பது பேருக்கும் சேர்த்து மாதம் 14,520 ரூபாய். தனித்தனியாகப் போய் நிற்கிறவர்களுக்காக ஒரே ஆள் கடைக்காரரிடம் பேசி உருப்படிக்கு இரண்டு ரூபாய் கூட்டி வாங்கினால் ஒவ்வொருவருக்கும் மாதம் இன்னொரு 528 வரும். இதெல்லாம் அந்த அக்காவின் எண்கள். உங்கள் தெருவில் வேறாக இருக்கும். ஐந்து பெண்களிடம் ஒரு மாதம் கணக்கு எழுதி வாங்குங்கள். வேகமாகத் தைக்கிறவர், மெதுவாகத் தைக்கிறவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் என்று கலந்து எடுங்கள். அந்த ஐந்து தாளும் விண்ணப்பத்தின் முதல் இணைப்பாக இருக்கட்டும். முதலில் இங்கே நின்றார்கள் என்று காட்டினால்தான் பின்னால் இங்கே வந்தார்கள் என்று காட்ட முடியும்.

இப்போது சம்பளத்துக்கு வருகிறேன். மேலே சொன்ன கட்டெடுப்பு, கூலிப் பேச்சு, தரம் பார்ப்பது எல்லாம் ஒரு ஆளின் முழுநேர வேலை. அந்த ஆளுக்குச் சம்பளம் இல்லாமல் இது நடக்காது. உங்கள் நண்பர் சொன்னது பரவலாக இருக்கும் ஒரு தப்பான எண்ணம். சிஎஸ்ஆர் விதிகளில் நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம் என்று ஒரு வரம்பு உண்டு. அது கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்த ஆகும் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க, மதிப்பிட நேரடியாக ஆகும் செலவு அந்த 5 சதவீதத்தில் வராது. களப்பணியாளர் சம்பளம் திட்டச் செலவு. அதனால் "நிர்வாகம்" என்ற தலைப்பில் மொத்தமாக ஒரு தொகையைப் போடாதீர்கள். "சந்தை ஒருங்கிணைப்பாளர், ஒருவர், 12 மாதம், வேலை: வாரம் மூன்று நாள் கட்டெடுப்பு, கடைகளோடு கூலி பேசுவது, தரம் பார்ப்பது" என்று எழுதுங்கள். நான் படித்தவரை, சம்பளம் கேட்டதற்காகத் தள்ளப்பட்ட விண்ணப்பங்களைவிட, அந்தச் சம்பளக்காரர் என்ன செய்வார் என்று சொல்லாததால் தள்ளப்பட்டவை அதிகம்.

எங்கே கேட்பது? உங்களுக்கு முதல் கதவு பக்கத்திலேயே இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-வது பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தான் இயங்குகிற பகுதிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை தர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பெண்களின் முன்னேற்றமும், பெண்களுக்கான தொழில்திறனும், வாழ்வாதாரத் திட்டங்களும் சட்டத்தின் ஏழாவது அட்டவணையிலேயே இருக்கின்றன. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும், எண்ணூரில் வாகனத் தொழிற்சாலையும் துறைமுகமும் இருக்கும்போது, கொருக்குப்பேட்டை டிரஸ்ட் மும்பைக்கு எழுதிப் பதிலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தப் புகையையும் லாரிகளையும் தினம் பார்த்துக்கொண்டு வாழ்கிறவர்கள் நம் பெண்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேட்பதற்கு முன் ஒரு வேலை. சிஎஸ்ஆர் கொள்கையையும் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட திட்டங்களையும் கம்பெனி தன் இணையதளத்தில் போட வேண்டும். ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் சிஎஸ்ஆருக்கு மொத்தம் எவ்வளவு செலவானது என்று இருக்கும்; எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு, யார் மூலம் என்பதையும் சில கம்பெனிகள் போடும். அதை ஒரு மத்தியானம் உட்கார்ந்து படியுங்கள். போன வருஷம் பெண்களின் தொழிலுக்கு எதையாவது செய்தார்களா? சராசரியாக எவ்வளவு தொகை? என் அபிப்பிராயம், முதல்முறை கேட்கும்போது உங்கள் வருஷச் செலவைவிட அதிகமாகக் கேட்காதீர்கள். ஆறு லட்சம் செலவழித்துப் பழகிய டிரஸ்ட் முப்பது லட்சம் கேட்டால், அதை எப்படிச் சமாளிப்பார்கள் என்ற கவலைதான் படிக்கிறவருக்கு முதலில் வரும்.

காகிதங்களில் இரண்டைப் பாருங்கள். சிஎஸ்ஆர் பணம் வாங்க, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சிஎஸ்ஆர்-1 படிவம் தாக்கல் செய்து பதிவு எண் பெற்றிருக்க வேண்டும். 2021 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். ஆடிட்டர் அல்லது கம்பெனி செக்ரட்டரி சான்றளிக்க வேண்டும். 12ஏ, 80ஜி இருக்கிற டிரஸ்டுக்கு இதே மாதிரிப் பணியில் மூன்று வருஷ அனுபவமும் கேட்பார்கள். உங்களுக்கு அது இருக்கிறது. இரண்டாவது, உங்கள் 12ஏ, 80ஜி உத்தரவை எடுத்துத் தேதியைப் பாருங்கள். 2021-க்குப் பிறகு புதிதாக வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் மூன்று வருஷத்துக்கான தற்காலிகப் பதிவு. அதை முறையான பதிவாக மாற்றத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அதற்குக் கெடுவும் உண்டு. "இருக்கிறது" என்று நம்பிக்கொண்டிருந்து, ஒப்பந்தம் போடுகிற நாளில்தான் காலாவதி ஆனது தெரிந்து கண்கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாளைக்கே ஆடிட்டரைக் கேளுங்கள். தன்னார்வ அமைப்புகள் பதிவு செய்கிற நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் பதிவு இல்லை என்றால் அதையும் முடித்துவிடுங்கள்.

மெஷின் யார் பெயரில் என்பதையும் யோசியுங்கள். சிஎஸ்ஆர் பணத்தில் வாங்கும் சொத்தைக் கம்பெனி வைத்துக்கொள்ள முடியாது. சிஎஸ்ஆர் பதிவு உள்ள டிரஸ்ட் வைத்திருக்கலாம், பயனாளிகளின் சுய உதவிக் குழுவும் வைத்திருக்கலாம். ஓவர்லாக் மெஷின் குழுவின் பெயரில் இருக்கட்டும் என்பேன். தன் குழுவின் மெஷினுக்கு எண்ணெய் போட யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

காசிமேட்டுப் பெண்களுக்கு வேறு கணக்கு. அவர்களுக்கு மெஷினோ பயிற்சியோ தேவையில்லை. மீனைப் பற்றி அவர்களுக்கு யார் என்ன சொல்லிக் கொடுப்பது? விடியற்காலை ஏலத்தில் கூடை எடுக்கக் கையில் முதல் இல்லாததுதான் அவர்கள் பிரச்சினை. அதற்குத் தண்டல் வாங்குகிறார்கள். பத்தாயிரம் என்று பேசி, முன்கூட்டியே ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் கொடுப்பார்கள். தினம் 100 ரூபாய், நூறு நாள். மீன் போகாத நாளிலும் தண்டல்காரர் வந்து நிற்பார். 1978-ல் ஜெயா அருணாசலம் இதே சென்னையில் உழைக்கும் மகளிர் அமைப்பைத் தொடங்கியபோது, நடைபாதையிலும் சந்தையிலும் விற்கிற பெண்கள் கேட்டதும் இதுதான்: நியாயமான வட்டியில் ஒரு சின்ன முதல். இத்தனை வருஷம் கழித்தும் அந்தத் தேவை அப்படியே இருக்கிறது.

இதற்குக் கிராண்டில் சுழல் நிதி கேட்கலாம்; ஒருவர் வாங்கித் திருப்பியதை அடுத்தவருக்குக் கொடுக்கிற பொது முதல் அது. ஆனால் டிரஸ்ட் நேரடியாக வட்டிக்குக் கடன் கொடுக்கிற வேலையில் இறங்க வேண்டாம்; சட்டச் சிக்கலும் வரும், பெண்களுக்கும் உங்களுக்கும் இடையே இருக்கிற உறவும் கெடும். பணம் சுய உதவிக் குழுவின் வங்கிக் கணக்குக்குப் போய், குழுவுக்குள் அவர்களே தீர்மானம் போட்டுக் கடன் கொடுத்து வாங்கட்டும். குழு இல்லை என்றால் மகளிர் திட்ட அலுவலகத்தில் பேசிப் பதிவு செய்யுங்கள். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிய அந்தச் சுய உதவிக் குழு ஏற்பாடு இன்று மாநிலம் முழுக்க இருக்கிறது. வங்கிக் கடனும் அந்த வழியில் வரும். தனியாகக் கடை போடத் துணிந்த பெண் இருந்தால் அவரை வங்கிக்கு அழைத்துப் போங்கள். சிறு தொழில் கடனுக்கான முத்ரா சிசு திட்டத்தில் 50,000 ரூபாய் வரை பிணை இல்லாமல் கேட்கலாம். வங்கி கொடுக்கக்கூடியதை கிராண்டில் கேட்டு வீணாக்காதீர்கள்.

மீன் பெண்களுக்கான திட்டத்தில் காலண்டரைக் கவனியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வரத்து குறைந்து, வந்த மீனும் விலை ஏறி நிற்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் கருவாடு காயாது. அதாவது வருஷத்தில் நான்கைந்து மாதம் வருமானம் படுக்கும். "மாதந்தோறும் 10 சதவீதம் வருமானம் உயரும்" என்று நேர்கோடு போட்டால், காசிமேட்டைத் தெரிந்தவர் அதை நம்ப மாட்டார். ஏற்ற இறக்கத்தை அப்படியே காட்டுங்கள். தடைக்காலத்துக்கு முன்பே கருவாடு சேர்த்து வைக்க முதல், மழைக்காலத்துக்கு உலர்த்தும் வசதி, ஈரம் ஏறாத பாக்கெட், உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று அந்தப் பள்ளங்களுக்கே பட்ஜெட் போடுங்கள்.

வெளிநாட்டு நிதி இப்போதைக்கு வேண்டாம். 2010 வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு பெற, அமைப்பு மூன்று வருஷமாவது இயங்கி, அந்த மூன்று வருஷத்தில் தன் நோக்கப் பணிக்கு 15 லட்சமாவது செலவழித்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் இதற்கென்று திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவு பெற்ற பெரிய அமைப்புகூட அந்தப் பணத்தை உங்களுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. "எங்கள் வெளிநாட்டு ஃபண்டிலிருந்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ இருக்கிற உங்கள் தெருப் பையன் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையில் சேராது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் சேரும். கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

இதற்கிடையில் சவுகார்பேட்டை, பாரிமுனை வியாபாரிகளிடம் சின்னத் தொகை கேளுங்கள். 80ஜி ரசீது கொடுக்கலாம். ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் என்றால் அவர்களுக்கு வரிச் சலுகை கிடையாது என்பதைச் சொல்லி, காசோலையோ யுபிஐயோ வாங்குங்கள். பத்து உள்ளூர்க்காரர் ஆளுக்கு ஐயாயிரம் கொடுத்த டிரஸ்ட் என்றால், பெரிய நிதியாளர் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார்வார். அந்தத் தெருவே நம்புகிறது என்று அதற்கு அர்த்தம்.

நேரம் பற்றி ஒரு வார்த்தை. கம்பெனிகளின் கணக்காண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மாதங்களில்தான் அடுத்த வருஷத் திட்டம் உருவாகும். டிசம்பருக்குள் உங்கள் தாள் அவர்கள் கையில் இருந்தால் நல்லது. பிப்ரவரி, மார்ச்சில் திடீரென்று போன் வரலாம்: "கொஞ்சம் பணம் மிச்சம் இருக்கிறது, இந்த மாதமே செலவழிக்க முடியுமா?" ஆசையாக இருக்கும். அப்படி அவசரமாக வருகிற பணம்தான் பெரும்பாலும் இருபது மெஷினாக மாறி அறையில் பூட்டப்படுகிறது. "தொடர் திட்டமாகப் போடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். தொடங்கிய வருஷம் போக மூன்று வருஷம் வரை ஒரே திட்டமாக நடத்த விதியில் இடம் இருக்கிறது. அந்த வருஷம் செலவாகாத தொகையைத் தனி வங்கிக் கணக்கில் வைத்துத் தொடரலாம். பல சிஎஸ்ஆர் அதிகாரிகள் நல்லவர்கள். விதி தெரிந்து பேசுகிற ஒருவர் எதிரில் இருந்தால் அவர்களுக்கும் ஆறுதல்.

பழைய இருபது மெஷினைப் பற்றி விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். "இருபதில் ஐந்துதான் ஓடுகிறது. காரணம் இன்னது. அறைச் சாவியைப் பெண்களிடமே கொடுத்தோம், மோட்டார் மாட்டினோம், இப்போது இத்தனை ஓடுகிறது" என்று எழுதுங்கள். அதற்காகவே அந்த மாற்றங்களை இப்போதே, உங்கள் சொந்தக் காசில், சின்ன அளவில் செய்து பார்க்கச் சொல்கிறேன். முடியாது என்ற இரண்டு இடங்களுக்கும் போன் போட்டு, எந்த இடத்தில் குறை என்று பணிவாகக் கேளுங்கள். கேட்கிறவர்கள் குறைவு என்பதால் பெரும்பாலும் சொல்வார்கள். பதிலே வராத மூன்றாவது இடத்துக்கும் ஒருமுறை நினைவூட்டுங்கள். சில சமயம் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்கவே இருக்காது.

காசிமேட்டுப் பெண்களிடம் கணக்கு கேட்க விடியற்காலை ஏல நேரத்தில் போகாதீர்கள். பதினொரு மணிக்கு மேல், கூடை காலியாகி, கை கழுவி, டீ குடிக்கிற நேரத்தில் போங்கள். அங்கே ஒரு அம்மா தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றன்றைய வாங்கல், விற்றல், தண்டல் மூன்றையும் எழுதி, துணி கிளிப்பில் கொத்தாக மாட்டி வைத்திருந்தார். ஒரு விண்ணப்பத்தோடு அதன் நகல்கள் என் மேசைக்கு வந்தன. எங்கள் குழு அன்றைக்கு வேறு எதையும் அவ்வளவு நேரம் படிக்கவில்லை. உங்கள் அறுபது பேரிலும் அப்படி எழுதி வைக்கிற ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, அனுமதி கேட்டு, நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பெண்களின் கணக்கும் கைக்கு வந்ததும் எனக்கு மறுபடி எழுதுங்கள். பட்ஜெட்டை வரி வரியாகச் சேர்ந்து பார்ப்போம்.